ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகையா? இரட்டை முதன்மை எண்கோலம் ஒன்றைப் பற்றி

2024 ஜூன் 9

கேள்வி என்னுடையது அல்ல. பதினோராம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தியுடையது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து மாலை வகுப்புக்கு வருகிறாள். எழுதித் தந்தபடியே தருகிறேன்:

"சேர், 5, 7 போல 2 வித்தியாசத்தில் வரும் முதன்மை எண் சோடிகளை எடுத்து, நடுவில் உள்ள எண்ணை 6ஆல் வகுத்தால் 1, 2, 3, 5, 7, 10, 12, 17, 18, 23, 25, 30, 32, 33, 38 என்று போகிறது. இதில் 1ஐத் தவிர எல்லா எண்ணும் தனக்கு முன்னால் உள்ள இரண்டைக் கூட்ட வருகிறது. ஒரே எண்ணை இரண்டு தடவையும் எடுக்கலாம். இது எப்போதும் சரியா? சரி என்றால் இரட்டை முதன்மை எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று நிறுவியதாகுமா?"

இரண்டு கேள்விகள், இரண்டும் கனமானவை. 1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண் முதன்மை எண் (பகா எண்); இப்படி 2 வித்தியாசத்தில் சோடியாக வருபவற்றைத்தான் இரட்டை முதன்மை எண்கள் என்கிறோம். (3, 5) சோடியை அவள் சேர்க்கவில்லை; அதன் நடு எண் 4, 6ஆல் வகுபடாது. மற்றச் சோடி எல்லாவற்றுக்கும் நடு எண் 6இன் மடங்கு.

2024 ஜூன் 9, இரவு

1000க்குள் 35 சோடிகள் இருக்கின்றன. (3, 5) போக 34. அவளுடைய கோலம் அங்கே 147இல் வந்து நிற்கிறது. 38க்குப் பிறகு: 40, 45, 47, 52, 58, 70, 72, 77, 87, 95, 100, 103, 107, 110, 135, 137, 138, 143, 147.

அத்தனையும் தேறிவிட்டன. 58 மட்டும் கொஞ்சம் அலைக்கழித்தது. அதிலிருந்து 52, 47, 45 ஆகியவற்றைக் கழித்தால் 6, 11, 13 என்று கோலத்தில் இல்லாத எண்களே வருகின்றன. 40ஐக் கழித்ததும் 18 வந்தது.

2024 ஜூன் 11

"ஏன் 6?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சதுரக் கொப்பியில் நிரைக்கு ஆறு எண்களாக 1இலிருந்து எழுதிக்கொண்டே போங்கள். இரண்டாம், நான்காம், ஆறாம் நிரல்கள் முழுவதும் 2இன் மடங்குகள். மூன்றாம் நிரல் 3இன் மடங்குகள். ஆகவே 2, 3 இரண்டையும் விட்டால், முதன்மை எண்ணுக்கு முதலாம், ஐந்தாம் நிரல்களைத் தவிர வேறு இடமே இல்லை. 2 வித்தியாசத்தில் ஒரு சோடி வேண்டுமென்றால் ஒரு நிரையின் ஐந்தாம் கட்டமும் அடுத்த நிரையின் முதலாம் கட்டமும்தான் கிடைக்கும். நடுவில் அகப்படுவது அந்த நிரையின் கடைசி எண். அது 6இன் மடங்கு. 6ஆல் வகுத்தால் வருவது அந்த நிரையின் இலக்கம். எந்தெந்த நிரையின் முடிவில் சோடி விழுகிறது என்ற பட்டியல்தான் அவளுடைய கோலம்.

அவளுடைய கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. இடது விளிம்பில் நிரை இலக்கங்களைப் பென்சிலால் எழுதி, சோடி விழுந்த இடங்களில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறாள். 110க்குப் பிறகு ஏறக்குறைய ஒரு பக்கம் முழுவதும் வட்டமே இல்லை. அந்த வெறும் பக்கத்தில் 133க்கு அருகே மட்டும் கீறி அடித்த ஒரு வட்டத்தின் தடம் தெரிகிறது. 797 முதன்மை எண். 799ஐயும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு ஓரத்தில் சிறிய எழுத்தில் 17 × 47 என்று எழுதி வட்டத்தை அடித்திருக்கிறாள். 799 பலரை ஏமாற்றும் எண். அதை யாரும் சொல்லாமலே அவள் பிடித்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி.

2024 ஜூன் 12

மேலே சொன்ன வெறும் பக்கத்தைப் பற்றி: 659, 661க்குப் பிறகு அடுத்த சோடி 809, 811. 700களில் ஒரு சோடிகூட இல்லை. 900களிலும் இல்லை. 881, 883க்குப் பிறகு 1019, 1021தான்.

2024 ஜூன் 15

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் இருக்கிறார். செக்ரோலில் (தொழிலாளர் வரவுப் பதிவேட்டில்) பெயர் கூட்டியும் கொழுந்து நிறுவையைக் கூட்டியும் காலம் கழித்தவர். கோலத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "தம்பி, எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து ஏன் மெனக்கெடுகிறீர்கள்? முதலில் பக்கத்து எண்ணைக் கழியுங்கள். வித்தியாசம் பட்டியலில் இருந்தால் வேலை முடிந்தது" என்றார்.

உண்மை. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களை எழுதினால் 1, 1, 2, 2, 3, 2, 5, 1, 5, 2, 5, 2, 1, 5, 2, 5, 2, 5, 6, 12, 2, 5, 10, 8, 5, 3, 4, 3, 25, 2, 1, 5, 4. இவற்றில் 6, 8, 4, 4 ஆகிய நான்கு இடங்களைத் தவிர மற்ற வித்தியாசம் எல்லாம் கோலத்துக்குள்ளேயே இருக்கின்றன. 110இலிருந்து 135க்குப் போகும் அந்த நீண்ட தாவல்கூட 25; 25உம் கோலத்தில் உண்டு. அந்த நான்கு இடங்களில்தான் (58, 95, 107, 147) பின்னால் போய்த் தேட வேண்டும். 58 = 18 + 40, 95 = 18 + 77, 107 = 7 + 100, 147 = 10 + 137.

ஐயாவிடம் முதன்மை எண் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "வேறு எதாலும் பிரிக்க வராத எண்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

2024 ஜூன் 16

இரண்டாம் கேள்விக்கு விடை: ஆகாது.

"ஒவ்வொன்றும் முந்திய இரண்டின் கூட்டுத்தொகை" என்ற பண்பு, பட்டியல் முடிவில்லாமல் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது. 1, 2, 3 என்று மூன்றே எண்கள் கொண்ட பட்டியலைப் பாருங்கள். 2 = 1 + 1, 3 = 1 + 2. பண்பு முழுமையாக இருக்கிறது, பட்டியல் மூன்றோடு முடிந்துவிட்டது. அவளுடைய கோலம் ஏதோ ஒரு பெரிய எண்ணோடு நின்றுபோனாலும் அவளுடைய கூற்றுக்கு ஒரு சேதமும் வராது.

இதைச் சொன்னபோது முகம் வாடவில்லை. "அப்படியென்றால் தலைகீழாகக் கேட்கிறேன் சேர். எல்லா எண்களையும் இந்தக் கோலத்தின் இரண்டு எண்களால் கூட்டி உண்டாக்க முடிந்தால்?" என்றாள். அப்போது ஆகும். முடிவுள்ள ஒரு பட்டியலில் இரண்டிரண்டாகக் கூட்டினால் அதன் மிகப் பெரிய எண்ணின் இரு மடங்குக்கு மேல் போக முடியாது. ஆகவே எல்லா எண்களும், அல்லது ஓர் எல்லைக்கு மேற்பட்ட எல்லா எண்களும், அப்படிக் கிடைக்கின்றன என்றால் பட்டியல் முடியவே முடியாது. கேள்வியின் சரியான வடிவத்துக்கு அவளே வந்துவிட்டாள்.

2024 ஜூன் 20

அந்த வடிவத்தைச் சோதித்தோம். 2 முதல் 15 வரை தடையில்லை. 16இல் முட்டுகிறது. 1க்கு 15, 2க்கு 14, 3க்கு 13, 5க்கு 11, 7க்கு 9. எதுவும் கோலத்தில் இல்லை. அதன் பிறகு 66 வரை மீண்டும் எல்லாம் கிடைக்கின்றன. 66 மட்டும் 33 + 33 என்ற ஒரே வழியில் தப்புகிறது. அடுத்து 67: கோலத்தில் 67க்குட்பட்ட எந்த எண்ணைக் கழித்தாலும் மீதி கோலத்துக்கு வெளியே போய்விடுகிறது. அதன் பிறகு 86.

16, 67, 86. வகுப்பில் எல்லாருடைய முகத்திலும் ஏமாற்றம். எனக்கு இல்லை. விதி உடைகிற இடத்தில்தான் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க முடியும்.

2024 ஜூன் 22

5ஐக் கொண்டு பாருங்கள். இதைச் சற்று ஆறுதலாக எழுதுகிறேன், இழையின் மையமே இதுதான்.

ஒரு நிரையின் இலக்கம் n என்றால் சோடி 6n - 1, 6n + 1. n ஐ 5ஆல் வகுக்கும்போது மீதி 1 என்றால் 6n - 1 ஐ 5 வகுத்துவிடும். மீதி 4 என்றால் 6n + 1 ஐ வகுத்துவிடும். ஆகவே 5, 7 சோடியைத் தரும் 1ஐ மட்டும் விதிவிலக்காக விட்டால், கோலத்தில் இருக்கும் எந்த எண்ணும் 1, 4, 6, 9 ஆகிய இலக்கங்களில் முடியாது. மேலே உள்ள பட்டியலை ஒரு தடவை பாருங்கள்: 0, 2, 3, 5, 7, 8 மட்டும்தான். மீதிகளாகச் சொன்னால் 0, 2, 3.

இந்த மூன்று மீதிகளில் இரண்டை எடுத்துக் கூட்ட ஒன்பது வழிகள். கூட்டுத்தொகையின் மீதி 0 ஆக மூன்று வழிகள் (0 + 0, 2 + 3, 3 + 2). மீதி 2 ஆக இரண்டு, மீதி 3 ஆக இரண்டு. மீதி 4 ஆக ஒரே வழி, 2 + 2. மீதி 1 ஆகவும் ஒரே வழி, 3 + 3. ஆக 1 அல்லது 6இல் முடியும் எண்களுக்கு ஒரே கதவுதான் திறந்திருக்கிறது: 3 அல்லது 8இல் முடியும் இரண்டு எண்கள் அகப்பட வேண்டும். 1ஐப் பயன்படுத்தி வரும் ஒரு பக்க வழியும் உண்டு, அது எப்போதாவது உதவும்.

16உம் 86உம் ஏன் விழுந்தன என்பது இப்போது தெரிகிறது. 70, 71, 69 மூன்றையும் வைத்துப் பாருங்கள், அடுத்தடுத்த எண்கள்தானே:

70 = 12 + 58 = 18 + 52 = 23 + 47 = 25 + 45 = 30 + 40 = 32 + 38. ஆறு வழிகள்.
71 = 1 + 70 = 33 + 38. இரண்டு.
69 = 17 + 52. ஒன்று.

பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு ஏற்றத்தாழ்வு.

2024 ஜூன் 22, பிற்பகல்

67 ஏன்? அதன் மீதி 2, அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேலே எழுதியதில் அதற்கு விளக்கம் இல்லை. 0, 5இல் முடியும் 5, 10, 25, 30, 40, 45 ஆகியவற்றைக் கழித்தால் 62, 57, 42, 37, 27, 22. ஆறும் 2, 7இல்தான் முடிகின்றன, ஆறுக்கும் இடம் கிடைக்கக்கூடியதுதான், ஆறும் கோலத்தில் இல்லை. சிறிய எண்களில் இப்படி நேர்வதுண்டு. காரணம் தேடி மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன்.

2024 ஜூன் 29

இந்தக் கூற்றுக்கு ஏற்கனவே ஒரு பெரிய உறவினர் இருக்கிறார். 2ஐ விடப் பெரிய, 2இன் மடங்கான ஒவ்வோர் எண்ணும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்பது கோல்ட்பாக் 1742இல் ஒய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த ஊகம். 1979இல் டான் ஸ்விலிங்கர் என்பவர் அதைவிடத் துணிந்து ஒன்றைச் சொன்னார்: 4208க்கு மேற்பட்ட, 2இன் மடங்கான ஒவ்வோர் எண்ணையும் இரட்டை முதன்மைகளை மட்டும் கொண்டே உண்டாக்கலாம். எந்த முதன்மை எண்ணும் போதும் என்ற சலுகைகூட வேண்டாம் என்கிறார்.

4208 வரை விதிவிலக்குகள் 35. 2, 4 இரண்டையும் தள்ளினால் மற்றவை மும்மூன்றாக வருகின்றன: 94, 96, 98, 400, 402, 404, 514, 516, 518, இப்படியே போய்க் கடைசியில் 4204, 4206, 4208. மும்மூன்றாக வருவதற்குக் காரணம் நம்முடைய நிரைகள்தான். n = i + j என்று கோலத்தின் இரண்டு எண்களால் கிடைத்துவிட்டால், இரண்டு சோடிகளிலிருந்தும் சிறியதைச் சிறியதோடு கூட்டி 6n - 2, சிறியதைப் பெரியதோடு கூட்டி 6n, பெரியதைப் பெரியதோடு கூட்டி 6n + 2. மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும், அல்லது ஒன்றாக விழும்.

நடு எண்களை 6ஆல் வகுத்தால் நமக்கு வேண்டிய பட்டியல்: 16, 67, 86, 131, 151, 186, 191, 211, 226, 541, 701. மொத்தம் 11. இதற்கு மேல் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் நிறுவல் இல்லை. நிறுவினால் அன்றே இரட்டை முதன்மை எண்கள் முடிவற்றவை என்பதும் நிறுவப்பட்டுவிடும், ஜூன் 16இல் எழுதிய காரணத்தால். ஆகவே இது இலேசில் பிடிகொடுக்கப் போவதில்லை.

2024 ஜூன் 30

அந்த 11 எண்களை மீண்டும் பாருங்கள். கடைசி இலக்கத்தை மட்டும்.

67ஐத் தவிர மற்றப் பத்தும் 1 அல்லது 6இல் முடிகின்றன.

2024 ஜூலை 3

நேற்று இரவு மழையில் மின்சாரம் போய்விட்டது. மெழுகுதிரியை வைத்துக்கொண்டு யோசித்ததில் வந்தது இது. யோசித்தது நான் மட்டுமல்ல. அவளும் அதே இரவில் தன் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்து இதே இடத்துக்கு வந்திருக்கிறாள், இன்று மாலை கொப்பியைக் காட்டினாள்.

அவளுடைய முதற்கூற்று எல்லா எண்களைப் பற்றியதல்ல, கோலத்துக்குள் இருக்கும் எண்களைப் பற்றியது. அது உடைய வேண்டுமென்றால் அந்த 11இல் ஒன்றாவது கோலத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் 1, 6இல் முடியும் எண்கள் கோலத்துக்குள் வரவே முடியாது. 5 அவற்றின் சோடியைக் கெடுத்துவிடுகிறது. எந்த 5 அவற்றுக்குக் கூட்டல் வழிகளைக் குறைத்ததோ, அதே 5தான் அவற்றைக் கோலத்துக்கு வெளியேயும் நிறுத்தியது. பத்து எண்களும் அவளுடைய கூற்றைத் தொட முடியாத இடத்தில் நிற்கின்றன.

எஞ்சுவது 67 ஒன்று. அதன் சோடி 401, 403. 401 முதன்மை எண். 403 = 13 × 31. அதுவும் வெளியே.

ஆகவே ஸ்விலிங்கரின் ஊகம் சரியென்றால் மாணவியின் கூற்று முழுவதும் சரி. மறுபக்கம், ஸ்விலிங்கரின் ஊகம் எங்கோ ஒரு பெரிய எண்ணில் உடைந்தாலும் இவளுடைய கூற்று உடைய வேண்டிய அவசியமில்லை, உடைந்த எண் கோலத்துக்குள் இருந்தால் மட்டுமே உடையும். அவள் சொன்னது சிறியது, அதனாலேயே உறுதியானது.

பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருத்தி கூட்டலும் வகுத்தலும் மட்டும் தெரிந்த நிலையில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள் என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

2024 ஜூலை 7

பதுளையிலிருந்து ஒரு டீச்சர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: மீதி 4 உள்ளவற்றுக்கும் ஒரே கதவுதானே? 4, 9இல் முடியும் எண் ஒன்றுகூட விதிவிலக்குப் பட்டியலில் இல்லையே, ஏன்?

டீச்சர், 147 வரை எண்ணிப் பார்த்தேன். 2, 7இல் முடிபவை 13: 2, 7, 12, 17, 32, 47, 52, 72, 77, 87, 107, 137, 147. 0, 5இல் முடிபவை 11. 3, 8இல் முடிபவை வெறும் 9: 3, 18, 23, 33, 38, 58, 103, 138, 143. 58க்கும் 103க்கும் நடுவே ஒன்றுமே இல்லை. மீதி 4 வேண்டியவர்களுக்கு 13 எண்கள் துணை, மீதி 1 வேண்டியவர்களுக்கு 9 தான். இந்த 9 எண்களுள் இரண்டிரண்டாகக் கூட்டி 131ஐயும் 151ஐயும் எட்ட முயன்றால் கை நழுவுகிறது. 131இலிருந்து 3, 18, 23, 33, 38, 58 ஆகியவற்றைக் கழித்தால் 128, 113, 108, 98, 93, 73, ஒன்றும் தேறாது.

எண்கள் பெருகப் பெருக மூன்று வகையும் ஏறக்குறையச் சம அளவில் வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு. தொடக்கத்தில் 3, 8 கூட்டம் மெலிந்திருந்தது, அந்த மெலிவின் தழும்புதான் பட்டியல் என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 ஜூலை 8

7ஐ வைத்தும் பார்க்கச் சொல்கிறார்கள். 7ஆல் வகுத்தால் மீதி 1, 6 கூடாது (1ஐத் தவிர). எஞ்சும் 0, 2, 3, 4, 5 ஆகியவற்றை இரண்டிரண்டாகக் கூட்ட 25 வழிகள். மீதி 0க்கு 5, மீதி 2க்கும் 5க்கும் நான்கு நான்கு, மற்றவற்றுக்கு மூன்று மூன்று. ஏற்றத்தாழ்வு குறைவு, அதனால் 7இன் பிடி 5இன் பிடியைப் போல இறுக்கமில்லை. ஆனாலும் விதிவிலக்குப் பட்டியலில் 7இன் மடங்கு ஒன்றுகூட இல்லை. 5, 7 இரண்டுக்கும் மடங்கான 70க்கு ஆறு வழிகள் கிடைத்ததும் இதனால்தான்.

2024 ஜூலை 14

கோலத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். முடிவில்லாமல் போகின்றனவா என்று கூட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாதா என்று ஒருவர் கேட்டார். அந்த வழியை நோர்வேக்காரர் விக்கோ புரூன் 1919இல் அடைத்துவிட்டார். எல்லா முதன்மை எண்களின் தலைகீழிகளையும் (3க்கு 1/3, 5க்கு 1/5 என்பது போல) கூட்டினால் எல்லையின்றி வளரும் என்று ஒய்லர் காட்டியிருந்தார். இரட்டை முதன்மைகளின் தலைகீழிகளை மட்டும் கூட்டினால் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும் என்று புரூன் நிறுவினார். எல்லையின்றி வளர்ந்திருந்தால் அவை முடிவற்றவை என்று அன்றே தெரிந்திருக்கும். அடங்கிவிட்டதால் கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த எல்லை சுமார் 1.9021605. போகும் வேகத்தைப் பாருங்கள்: 100 வரை 1.3309, 1000 வரை 1.5180, 10,000 வரை 1.6168, பத்து இலட்சம் வரை 1.7107. பட்டிப்பொலை ஏறும் புகையிரதம் இதைவிட வேகமாகப் போகும்.

இதே கூட்டலைக் கணினியில் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பேராசிரியர் தொமஸ் நைஸ்லிதான் 1994இல் பென்டியம் சில்லின் வகுத்தற் பிழையைக் கண்டுபிடித்தார். 824633702441, 824633702443 என்ற சோடியின் தலைகீழிகள் தவறாக வந்தன. விடை பொருந்தாதபோது அவர் தன் கணினி நிரலைச் சோதித்தார், இயந்திரத்தை மாற்றினார், ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் சில்லில் கைவைத்தார். அந்தப் பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டொலரை ஒதுக்க வேண்டி வந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது தொகையை விட அந்தச் சோதிக்கும் முறையை அழுத்திச் சொல்கிறேன்.

2024 ஜூலை 21

ஏழாம் தரத்து ஆசிரியர்களுக்கு: இலக்கச் சுட்டி (ஓர் எண்ணின் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டிப் பெறுவது) படிப்பிக்கும்போது இதைப் போட்டுப் பாருங்கள். இரட்டை முதன்மைகளைப் பெருக்கினால் 35, 143, 323, 899, 1763, 3599, 5183. எல்லாவற்றுக்கும் இலக்கச் சுட்டி 8. 3 × 5 = 15க்கு மட்டும் 6. காரணம் எளிது: பெருக்கம் 36 × n × n - 1, அதாவது 9இன் மடங்கிலிருந்து ஒன்று குறைவு. பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள், பிறகு ஒவ்வொருவரும் ஒரு பெரிய சோடியைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

2024 ஜூலை 28

"பெரிய ஆட்கள் எதுவரை போயிருக்கிறார்கள்?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக. 1973இல் சென் ஜிங்ருன்: p முதன்மையாகவும், p + 2 முதன்மையாகவோ இரண்டு முதன்மைகளின் பெருக்கமாகவோ இருக்கும் p முடிவற்றவை. 2013இல் யிடாங் ஜாங்: வித்தியாசம் 7 கோடிக்குட்பட்ட முதன்மைச் சோடிகள் முடிவற்றவை. அதே ஆண்டில் ஜேம்ஸ் மேனார்ட் அதை 600க்குக் கொண்டுவந்தார். பலர் கூடி உழைத்து 2014இல் 246 ஆயிற்று. நமக்கு வேண்டியது 2.

ஜாங் 1955இல் பிறந்தவர். 2013இல் அவருக்கு வயது என்ன என்று வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

2024 ஆகஸ்ட் 4

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. இந்த மாணவியின் அக்காவும் கணிதத்தில் கெட்டிக்காரி. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. உயர்தரத்துக்குப் போன பாடசாலையில் "கணிதப் பிரிவுக்குத் தமிழில் ஆசிரியர் இல்லை, கலைப் பிரிவில் சேர்" என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போகத் தாயின் நாட்கூலி இடம் கொடுக்கவில்லை. தங்கை இப்போது அதே சந்தியில் வந்து நிற்கப் போகிறாள். ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் உயர்தர இணைந்த கணிதம் தமிழில் ஒழுங்காக நடக்கும் இடங்களும் விடுதி வசதியும் தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள். எண்கோலத்துக்கு வந்த கடிதங்களை விட இதற்கு அதிகம் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

2024 ஆகஸ்ட் 6

எழுதியவர்களுக்கு நன்றி. விபரங்களை அவளுடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கொட்டகலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வார இறுதியில் சொல்லிக்கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 11

கோலத்துக்குத் திரும்புகிறேன். அவள் அடுத்த சோதனையைத் தொடங்கிவிட்டாள்: 1ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் எவை விழும்?

2உம் 3உம் தொடக்க எண்களாக நிற்க வேண்டியதுதான், அவற்றை உண்டாக்க வேறு வழியில்லை. 5 = 2 + 3, 7 = 2 + 5, 10, 12, 17 எல்லாம் நிற்கின்றன. 18 விழுகிறது. அதற்கு 1 + 17 ஒன்றுதான் வழியாக இருந்தது. 2க்கு 16, 3க்கு 15, 5க்கு 13, 7க்கு 11. 33 விழும் என்று நான் எதிர்பார்த்தேன், ஆனால் 3 + 30 என்று தாங்கிக்கொள்கிறது. 138ஐ 3 + 135 காப்பாற்றுகிறது. 147 வரை விழுவது 18 ஒன்றே.

18 விழுந்தாலும் பட்டியலில் அதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறாள், ஏனென்றால் 107, 109 முதன்மை எண்கள்தானே. 23 அதைக் கொண்டுதான் நிற்கிறது. 10,000க்குள் 205 சோடிகள் இருக்கின்றன. இப்போது 1700ஆவது நிரைவரை எழுதுவதற்குப் புதிய சதுரக் கொப்பி கேட்டிருக்கிறாள். கணக்கப்பிள்ளை ஐயா 17இலும் 19இலும் 23இலும் வகுத்துச் சரிபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். 18 தவிர வேறு ஏதாவது விழுந்தால் இங்கே போடுகிறேன்.